சாவியும் சொல்லும்: வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பார்வையாளர் வந்த வழி

இலண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்னும் பேராலயத்தைக் காண விரும்பும் பயணி இன்று பெரும்பாலும் நாளும் நேரமும் குறித்த சீட்டை இணையவழி முன்கூட்டியே வாங்கிவிடுகிறார். அதனால் வாசலில் சீட்டு வாங்க நிற்போரின் நீண்ட வரிசையில் சேராமல், பைச் சோதனையை மட்டும் முடித்துக்கொண்டு வடக்குப் பெருவாயில் வழியாக உள்ளே நுழைகிறார். நுழைந்ததும் அவருக்கு ஓர் ஒலி வழிகாட்டி கிடைக்கிறது. அதாவது, ஆலயத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய விளக்கத்தை, அந்த இடத்துக்கு அவர் வந்து நிற்கும்போது காதுக்குள் சொல்லும் சிறு கருவி. வரிசையைக் கடக்க உதவும் சீட்டும் காதில் பேசும் கருவியும் சுற்றுலாத் தொழிலின் அண்மைக்கால ஏற்பாடுகளாகத் தோன்றினாலும், யாரை எந்த வழியே உள்ளே விடுவது, உள்ளே வந்தவருக்கு யார் எதைச் சொல்வது என்னும் இரு கேள்விகளும் இந்த ஆலயத்தில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக இருந்து வருபவை. அக்காலம் முழுவதிலும் வாயிற்சாவியை வைத்திருந்தவரே பெரும்பாலும் வரலாற்றைச் சொல்லும் உரிமையையும் வைத்திருந்தார் என்பதும், அவ்வுரிமை இடையிடையே கைமாறியபோதெல்லாம் ஆலயத்தின் இயல்பே மாறியது என்பதும் அதன் பார்வையாளர் வரலாற்றைப் படிப்போருக்குத் தெளிவாகத் தெரியும்.

அபே என்னும் சொல் மடத்தலைவர் ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்ட துறவியர் மடத்தையும் அதன் ஆலயத்தையும் குறிக்கும். இங்கு வாழ்ந்தவர்கள் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர். அவர்களுக்காக ஆங்கில அரசர் எட்வர்ட் கட்டிய பெரிய கல் ஆலயம் 1065 டிசம்பர் 28 அன்று அருட்பொழிவு பெற்றது. நோயுற்றிருந்த அரசர் அவ்விழாவுக்கு வர இயலாமல், சில நாள்களுக்குள், 1066 ஜனவரி தொடக்கத்தில் இறந்து, தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நார்மண்டியின் வில்லியம் இங்கு முடிசூடியதிலிருந்து, 2023இல் மூன்றாம் சார்லஸ் வரை இங்கிலாந்தின் முடிசூட்டு விழாக்கள் இவ்வாலயத்திலேயே நடந்து வந்துள்ளன. எட்வர்ட் 1161இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இரத்தம் சிந்தாமல் வாழ்க்கையால் விசுவாசத்துக்குச் சான்று பகர்ந்தவர் என்ற பொருளில் அவருக்குத் 'துதியர்' என்னும் அடைமொழி நிலைத்தது.

பொதுமக்களின் வருகை ஒரு முறைமையாக வளர்ந்தது அந்தப் புனிதரின் கல்லறையை ஒட்டித்தான். எட்வர்டிடம் பெரும் பக்தி கொண்டிருந்த மூன்றாம் ஹென்றி 1245இல் பழைய ஆலயத்தை இடித்துப் பிரெஞ்சு கோதிக் பாணியில் புதிதாகக் கட்டத் தொடங்கினார். ஏறத்தாழ 31 மீட்டர் உயரத்தில் குவியும் அதன் கல்விதானம் இங்கிலாந்தின் கோதிக் விதானங்களில் மிக உயர்ந்ததாகும். 1269 அக்டோபர் 13 அன்று புனிதரின் உடல் புதிய கல்லறை மேடைக்கு மாற்றப்பட்டது. இத்தாலியிலிருந்து வந்த கைவினைஞர்கள் வண்ணக் கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பதித்து அமைத்த அந்த மேடையின் இரு நெடும்பக்கங்களிலும், ஒருவர் முழந்தாளிட்டு உள்ளே ஒடுங்கும் அளவுக்கு வளைவு மாடங்கள் குடையப்பட்டன. நோயுற்றோர் அந்த மாடங்களுக்குள் ஒண்டிக்கொண்டு, புனிதரின் உடலுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி வேண்டுதல் செய்தனர். கல்லறையைக் கட்டும்போதே அதனிடம் வரப்போகும் வரிசையையும் எண்ணிக் கட்டியிருக்கிறார்கள் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மேடையின் வடிவமே வருகையாளர் ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தை அளந்து வைத்திருக்கிறது.

ஆலயத்தின் பிற செல்வங்களும் மக்களை ஈர்த்தன. 1247இல் ஹென்றி, இயேசுவின் இரத்தம் என்று நம்பப்பட்ட ஒரு துளி அடங்கிய பளிங்குக் குடுவையைப் புனித பவுல் ஆலயத்திலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை தம் கைகளில் ஏந்தி நடந்தே கொண்டுவந்தார். இத்தகைய திருப்பண்டங்களை, அதாவது புனிதர்களின் உடலையும் உடைமைகளையும் சார்ந்த எச்சங்களை, வணங்குவோருக்கு ஞானப்பலன்கள் வழங்கப்பட்டன. ஞானப்பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்காக மறுமையில் பெற வேண்டிய தண்டனையின் குறைப்பு என்று திருச்சபை விளக்கியது. பதினைந்தாம் நூற்றாண்டில் அம்மடத்துத் துறவியான ஜான் பிளீட் எழுதிய இலத்தீன் வரலாறு, திருப்பண்டங்களையும் அவற்றைக் கொடுத்தவர்களையும் அவற்றுக்குரிய பலன்களையும் வகைப்படுத்திப் பட்டியலிடுகிறது. தமிழில் தலவரலாறு என்று சொல்லப்படும் வகைக்கு நெருங்கிய அந்நூல் துறவியரின் கைக்குள் இருந்ததேயன்றி வருகையாளரின் கைக்குப் போகவில்லை. கல்லறைக் காவலரான துறவி வாய்மொழியாகச் சொன்னதே யாத்திரிகர் கேட்ட வரலாறாக இருந்திருக்கும்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் மடமும் 1540 ஜனவரியில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லறை மேடை பிரிக்கப்பட்டது. பொன்னும் மணியும் அரசுக் கருவூலத்துக்குச் சென்றன. முதலாம் மேரியின் குறுகிய ஆட்சியில் துறவியர் திரும்பி வந்து மேடையை மீண்டும் அடுக்கினாலும், எலிசபெத் 1559இல் அவர்களை மறுபடியும் வெளியேற்றி, 1560இல் ஆலயத்தை டீன் என்னும் தலைமைக் குரு ஒருவரின் பொறுப்பில் வைத்தார். அந்த டீன் எந்த ஆயருக்கும் உட்பட்டவர் அல்லர். நேரடியாக அரசருக்கே கட்டுப்பட்டவர். இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

யாத்திரை நின்றது, வருகை நிற்கவில்லை. புனிதரைத் தேடி வந்தவர்களின் இடத்தில், புனிதரைச் சுற்றிப் படுத்திருந்த அரசர்களையும் அரசியரையும் காண வந்தவர்கள் நிரம்பினர். 1590களில் ஜான் டன் எழுதிய நையாண்டிச் செய்யுள் ஒன்றில், அபேயின் கல்லறைகளைக் காத்துக்கொண்டு, காசு கொடுப்பவர் எவருக்கும் ஹென்றிகளையும் எட்வர்டுகளையும் பற்றிப் பேசும் ஆள் ஒருவர் சுட்டப்படுகிறார். போகிறபோக்கில் வரும் அச்சுட்டு, கட்டணம் பெற்றுக் கல்லறை காட்டும் தொழில் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே இலண்டன் வாசகர் அனைவரும் அறிந்த ஒன்றாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. பின்னாளில் இத்தொழில் வெர்ஜர் என்னும் பணியாளர்களோடு பிணைந்தது. கோல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வழிபாட்டு ஊர்வலத்தில் கோலேந்தி முன்னே நடந்து வழி விலக்குவது அவர்களின் மூலக் கடமை. கோலோடு சிற்றாலயங்களின் சாவிகளும் அவர்களிடம் இருந்ததால், கதவைத் திறப்பவரும் கதை சொல்பவரும் ஒருவரே ஆயினர்.

இந்த நிலையை முதன்முதலில் அசைத்தது ஒரு சிறு நூல். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவரும் பிரிட்டனின் பழைமைகளை ஆராய்ந்தவருமான வில்லியம் கேம்டன், ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அரசர், அரசியர், பிரபுக்கள் ஆகியோரின் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1600இல் இலத்தீனில் வெளியிட்டார். அது அபேக்கு அச்சில் வந்த முதல் வழிகாட்டி. அதற்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். இலத்தீன் அறிந்த வருகையாளர் ஒருவர், காவலாளி சொன்னதைக் கல்லில் இருப்பதோடும் நூலில் இருப்பதோடும் ஒப்பிட்டுப் பார்க்க அன்றுதான் முதன்முறையாக வழி பிறந்தது. கேட்பவர் என்ற நிலையிலிருந்து படிப்பவர் என்ற நிலைக்கு அவர் உயர்ந்தார். 1682இல் ஹென்றி கீப் ஆங்கிலத்திலேயே ஒரு விரிவான நூலை எழுதியபோது அவ்வழி இன்னும் அகலமாயிற்று.

ஆயினும் பெரும்பாலோருக்குக் காவலாளியின் சொல்லே போதுமானதாக இருந்தது. அவர்கள் காண விரும்பியவையும் நூலறிவைக் கோருபவை அல்ல. ஐந்தாம் ஹென்றியின் அரசியான வாலுவா கேத்தரீனின் உடல், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயம் கட்டப்பட்டபோது பழைய கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு, மீண்டும் முறையாகப் புதைக்கப்படாமல், தளர்ந்த பலகை மூடிய பெட்டியில் கணவரின் கல்லறை அருகே கிடந்தது. காசு கொடுத்தவர்களுக்கு அந்த உடல் காட்டப்பட்டது. கடற்படை அலுவலரும் நாட்குறிப்பாளருமான சாமுவேல் பீப்ஸ் 1669 பிப்ரவரி 23 அன்று, தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், அந்த அரசியின் உலர்ந்த உடலைக் கையிலெடுத்து முத்தமிட்டதைத் தம் குறிப்பில் பதிந்திருக்கிறார். 1778இல்தான் அவ்வுடல் மண்ணுக்குள் சென்றது. 1878இல் ஐந்தாம் ஹென்றியின் சிற்றாலயத்தில் அதற்கு உரிய இடம் கிடைத்தது. இறந்த ஒரு பெண்ணின் உடல் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காட்சிப் பொருளாகக் கிடந்தது, கட்டணத்தை நம்பிப் பிழைத்த ஒரு முறை எவ்வளவு தாழக்கூடும் என்பதற்கு மறக்க முடியாத சான்று.

மெழுகு உருவங்களின் வரலாறு இதைவிட நீண்டது. அரசர் இறந்தால் இறுதி ஊர்வலத்தில் அவருடைய உருவத்தை மரத்திலோ பின்னாளில் மெழுகிலோ செய்து, அவர் அணிந்த உடைகளையே உடுத்தி, சவப்பெட்டியின் மேல் வைத்துக் கொண்டுவருவது இடைக்கால வழக்கம். அடக்கம் முடிந்த பின் அவ்வுருவங்கள் ஆலயத்திலேயே தங்கின. காலப்போக்கில் உடை கிழிந்து மூக்கு உடைந்து நின்ற அவற்றை மக்கள் 'கந்தல் படை' என்று அழைத்தனர். அவற்றைப் பார்க்கத் தனிக் காசு வாங்கப்பட்டது. அந்த வருவாய் குன்றாதிருக்க, இறுதிச் சடங்கோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத புதிய உருவங்களையும் சேர்த்தனர். 1779இல் அரசியல் தலைவர் சாத்தம் பிரபுவின் உருவம், பேஷன்ஸ் ரைட் என்னும் அமெரிக்கப் பெண் சிற்பியிடமிருந்து வந்தது. 1806இல் கடற்படைத் தலைவர் நெல்சன் புனித பவுல் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டபோது, கூட்டம் அங்குத் திரும்பிவிட்டதைக் கண்ட அபே ஊழியர், கேத்தரின் ஆண்ட்ராஸ் என்பவரிடம் நெல்சனின் மெழுகு உருவத்தைச் செய்வித்து, அவருடைய உண்மை உடைகள் சிலவற்றை உடுத்தி நிறுத்தினர். உடல் ஓர் ஆலயத்தில், உருவம் மற்றோர் ஆலயத்தில் என இரண்டும் பார்வையாளருக்காகப் போட்டியிட்டன.

எழுத்தாளர்கள் இந்த நிலையைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. ஜோசப் அடிசன் 1711இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் அபேயின் கல்லறைகளிடையே தனித்து உலவும் மனநிலையை அமைதியான உரைநடையில் எழுதினார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் அரை நூற்றாண்டுக்குப் பின் 'உலகக் குடிமகன்' என்னும் நூலில், இலண்டனுக்கு வந்த சீன அறிஞர் ஒருவரைக் கற்பனை செய்து, மூலைக்கு மூலை காசு கேட்கும் வாயிற்காவலரைக் கண்டு அவர் திகைப்பதாகக் காட்டினார். 1823இல் சார்லஸ் லாம் கவிஞர் சதேக்கு வெளிப்படையாக எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி, ஏழை மக்கள் தங்கள் முன்னோரின் நினைவிடத்துக்குள் நுழையக் காசு கேட்பதை நேரடியாகக் கண்டிக்கிறது. கட்டணத்தை ஆதரித்தவர்களும் வெறும் பேராசையால் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்க விடுதலைப் போரில் தூக்கிலிடப்பட்ட ஜான் ஆந்த்ரேயின் நினைவுச்சின்னத்தில் செதுக்கப்பட்ட சிறு உருவங்களின் தலைகள் பலமுறை உடைத்து எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. 1300 அளவில் முதலாம் எட்வர்ட் செய்வித்த முடிசூட்டு நாற்காலியில் பள்ளிச் சிறுவரும் பார்வையாளரும் கத்தியால் பெயர்களைக் கீறியிருந்தனர். 1800 ஜூலையில் ஓர் இரவு முழுவதும் அதில் தூங்கியதாக ஒருவர் கீறி வைத்த வாசகத்தை இன்றும் காணலாம். காசு வாங்கிய காலத்திலேயே இந்தச் சேதங்கள் நேர்ந்தன என்பதால், கட்டணம் காவலாகாது என்னும் லாமின் தரப்பே வலுவானது.

1841இல் நாடாளுமன்றம் தேசிய நினைவுச்சின்னங்களையும் கலைப்படைப்புகளையும் பற்றி ஆராய ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஜோசப் ஹியூம், இளமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வங்காளத்தில் பணியாற்றிய சீர்திருத்தவாதி. பொதுமக்களை இலவசமாக விட்டால் சின்னங்கள் அழியும் என்ற வாதத்துக்கு எதிராக, கட்டணமின்றித் திறந்திருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் தேசிய ஓவியக் கூடத்திலும் கூட்டம் ஒழுங்காக நடந்துகொண்டது என்னும் அனுபவம் குழுவின் முன் வைக்கப்பட்டது. மெழுகு உருவங்களைக் காட்டுவது அதற்குச் சற்று முன்பே, 1839இல், நின்றிருந்தது. 1840களில் ஆலயத்தின் நடுக்கூடமும் குறுக்குக் கூடங்களும் காசின்றித் திறந்துவிடப்பட்டன. அரசர்கள் துயிலும் கிழக்குச் சிற்றாலயங்களுக்கு மட்டும் ஆறு பென்னி கட்டணம் தொடர்ந்தது. பின்னர் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் அதுவும் தள்ளுபடி செய்யப்பட்டது.

ஆர்தர் ஸ்டான்லி டீனாக இருந்த ஆண்டுகளை (1864–1881) அபேயின் பார்வையாளர் வரலாற்றின் சிறந்த காலமாகக் கொள்வதில் தவறில்லை. அவர் தொழிலாளர் குழுக்களை வரவழைத்துத் தாமே கல்லறை கல்லறையாக அழைத்துச் சென்று விளக்கினார்; 1868இல் அவர் வெளியிட்ட அபேயின் வரலாற்று நூல் அந்த விளக்கங்களின் எழுத்து வடிவம் போலவே ஓடுகிறது. சாவியும் சொல்லும் ஒரே கையில் இருந்தாலும், அந்தக் கை காசுக்காக நீளாதபோது அந்தச் சேர்க்கை எவ்வளவு பயன் தரும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

சீட்டும் இல்லாமல், விளக்கமும் தேவைப்படாமல் நின்ற வரிசை ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. முதல் உலகப் போரில் பெயர் தெரியாமல் இறந்த பிரிட்டிஷ் வீரர் ஒருவரின் உடல் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1920 நவம்பர் 11 அன்று நடுக்கூடத்தின் மேற்கு முனையில் அடக்கம் செய்யப்பட்டது. போர்முனையில் மத குருவாக இருந்த டேவிட் ரெயில்டனின் யோசனை அது. பிரான்சின் மண்ணால் குழி நிரப்பப்பட்டது. அடுத்த சில நாள்களில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கல்லறையைக் கடந்து சென்றனர். மகனையோ கணவனையோ சகோதரனையோ இழந்து, அவர்களின் உடல் எங்கே கிடக்கிறது என்று அறியாத குடும்பத்தினர், அந்தப் பெயரில்லாக் கல்லறையில் தங்களுக்குரியவர் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு இரவிலும் குளிரிலும் காத்து நின்றனர். எட்வர்டின் கல்லறை மாடங்களுக்குள் ஒண்டியவர்களுக்குப் பிறகு, வருத்தத்தோடும் வேண்டுதலோடும் அத்தனை பேர் இவ்வாலயத்துக்கு வந்தது அப்போதுதான். இன்றும் அந்தக் கருப்புச் சலவைக்கல்லின் மேல் எவரும் கால் வைப்பதில்லை. முடிசூட வரும் அரசரின் ஊர்வலமும் அதைச் சுற்றிக்கொண்டே செல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானூர்திப் பயணம் மலிந்தபோது, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் உள்ளே நிரம்பி, வழிபாட்டுக்கு வந்தவர் அமர்ந்து கண்மூட முடியாத இரைச்சல் எழுந்தது. அபே அரசிடமிருந்தோ இங்கிலாந்துத் திருச்சபையிடமிருந்தோ நிலையான மானியம் பெறுவதில்லை. கூரை முதல் கண்ணாடிச் சாளரம் வரை பராமரிப்புச் செலவை அதுவே ஈட்ட வேண்டும். இரண்டையும் கருதி 1998இல் ஆலயம் முழுவதற்கும் நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. அமைதியை மீட்பது என்று பொருள்படும் பெயரை அந்தத் திட்டத்துக்கு நிர்வாகம் வைத்தது. வழிபட வருவோருக்குக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலா நுழைவே இல்லை. மற்ற நாள்களில் மணிக்கொரு முறை ஒரு குரு சில நொடிகள் அனைவரையும் அமைதி காக்கும்படி கேட்டுச் சிறு செபம் சொல்கிறார். லாம் எழுப்பிய கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. வழிபாட்டையும் பார்வையையும் பிரித்து, பார்வைக்கு மட்டும் விலை வைத்தது முந்தைய நூற்றாண்டுகளின் மூலைக்கு மூலைக் காசு வசூலைவிட நேர்மையான ஏற்பாடு என்றாலும், பெரிய குடும்பத்தோடு வரும் ஏழைப் பயணிக்கு அந்தக் கதவு இன்று பெரிதும் கனமானது.

வரிசையைத் தவிர்க்கும் சீட்டு இந்தக் கூட்டத்தின் விளைவு. அதன் செயல்முறை எளியது: ஒரு நாளின் வருகையை நேரப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளே இடமுள்ள அளவுக்கு மட்டும் சீட்டுகளை முன்னரே விற்பதால், காத்திருப்பு தெருவிலிருந்து வீட்டுக்கு இடம்பெயர்கிறது. முன்கூட்டித் திட்டமிட முடிந்தவருக்கே அது நன்மை. இடைக்கால யாத்திரிகர் திருவிழா நாளில் முண்டியடித்துப் பெற்ற நெருக்கத்தை இன்றைய பயணி நாள்காட்டியைப் பார்த்துப் பெறுகிறார். காத்திருப்பில் உண்டாகும் மனத்தயாரிப்பு மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. அது சிறு இழப்பு அன்று.

காதில் பேசும் கருவியின் பிறப்பிடம் ஆலயம் அன்று, அருங்காட்சியகம். 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம், கண்காட்சிக் கூடத்துக்குள் மட்டும் கேட்கும் சிற்றலை வானொலி ஒன்றை அமைத்து, நாடாவில் பதிந்த விளக்கவுரையை ஒலிபரப்பியது. பார்வையாளர் ஏற்பியை உடன் எடுத்துச் சென்று, செவிப்பொறி வழியே அதைக் கேட்டனர். ஒலிபரப்பு அனைவருக்கும் ஒன்றே என்பதால், கூடத்தில் இருந்தோர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே ஓவியத்தைப் பார்த்து, ஒரே நேரத்தில் அடுத்ததற்கு நகர்ந்தனர். பின்னர் வந்த ஒலிநாடாக் கருவிகள் ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்கத்தைக் கொடுத்தாலும், வரிசைமுறையை மாற்ற விடவில்லை. எண்ணை அழுத்தினால் அந்த இடத்துக்குரிய பகுதி மட்டும் ஒலிக்கும் மின்னணுக் கருவிகள் வந்தபோதே பார்வையாளர் தம் விருப்பப்படி நடக்க முடிந்தது. அபேயின் இன்றைய வழிகாட்டி பல மொழிகளில் கிடைக்கிறது. ஆங்கில உரையைப் படித்திருப்பவர் நடிகர் ஜெரமி அயன்ஸ்.

இக்கருவி வெர்ஜரின் பேராசையையும் சோர்வையும் நீக்கிவிட்டது. சொல்லப்படும் செய்தி சரிபார்க்கப்பட்டது. மொழி தெரியாதவரும் பிறர் தயவின்றி அறிய முடிகிறது. கேம்டனின் நூலைப்போல இதுவும் விடுதலை தரும் கருவிதான். ஆனால் நூலில் எந்தப் பக்கத்தையும் புரட்டலாம். ஒலி வழிகாட்டியிலோ எண் இடப்பட்ட இடம் மட்டுமே பேசும். 3,300க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டோ நினைவுகூரப்பட்டோ உள்ள ஆலயத்தில், ஓரிரு மணி நேர நடைக்குள் நியூட்டனும் டார்வினும் சாசரும் எலிசபெத்தும் இடம்பெற்ற பின் மற்றவர் பெரும்பாலும் மௌனத்திலேயே விடப்படுவர். அந்த மௌனத்தில் தமிழகத்தின் வரலாறும் ஓரளவு படிந்திருக்கிறது.

நடுக்கூடத்தில் வில்லியம் டைலர் செதுக்கிய நினைவுச்சின்னம் ஒன்றில் கோட்டை சூழ்ந்த நகரம் ஒன்று புடைப்பாகத் தெரிகிறது. அது திருச்சிராப்பள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்சுக்காக வைத்த சின்னம் அது. அவர் உடல் அங்கு இல்லை, டெவன் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. 1748இல் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்த லாரன்ஸ், 1752 முதல் 1754 வரை திருச்சியைச் சுற்றி நடந்த போர்களில் பிரெஞ்சுக்காரரையும் அவர்களோடு சேர்ந்தவர்களையும் எதிர்த்து நின்றார். கர்நாடகப் பகுதியில் சமாதானம் நிலைநாட்டப்பட்டதாகக் கல்லெழுத்து பெருமை கொள்கிறது. முற்றுகைக் காலத்தில் தானியம் அனுப்பி அப்படையைக் காத்த புதுக்கோட்டைத் தொண்டைமானையோ, அதே போர்களில் லாரன்சின் கீழ்ச் சிப்பாய்களை நடத்தி அவருடைய பாராட்டைப் பெற்று, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானையோ அது குறிப்பிடுவதில்லை. வடக்குக் குறுக்குக் கூடத்தில் தாமஸ் பேங்க்ஸ் செய்த சர் அயர் கூட்டின் சின்னம் இன்னும் பெரியது. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையையும் 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியையும் வென்று, 1783இல் சென்னையில் இறந்தவர் அவர். அச்சின்னத்தில் தலைகுனிந்திருக்கும் இந்தியக் கைதியின் உருவமே சிற்ப நயத்தில் முதன்மையானது என்பதும், அவருக்குப் பெயர் இல்லை என்பதும் பார்ப்பவரைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

மூன்றாமவர் போர்வீரர் அல்லர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி எழுதினார். மணலெழுத்தும் சட்டாம்பிள்ளையும் திண்ணைப் பள்ளியில் பயின்ற எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் பழக்கமானவை. 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. 1832இல் இறந்த பெல், நடுக்கூடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மாணவர் சூழ வகுப்பறையில் அவர் இருக்கும் காட்சியே அவருடைய நினைவுச் சிற்பம். திண்ணையிலிருந்து புறப்பட்ட ஒரு வழக்கம் அரசர்கள் துயிலும் ஆலயம் வரை வந்து சேர்ந்ததற்கு அந்தச் சலவைக்கல் சான்றாக நிற்கிறது.

எட்வர்டின் கல்லறை மேடை இன்று பொதுவழியில் இல்லை. அதைச் சூழ்ந்த இடைக்காலத் தரை தேயும் என்பதால் அங்குத் தனியே செல்ல அனுமதி கிடையாது. தனிக் கட்டணம் செலுத்திச் சிறு குழுவாக வருவோரை வெர்ஜர் ஒருவர் மரப்படி வழியே மேலே அழைத்துச் சென்று, தம் குரலிலேயே விளக்குகிறார். ஆண்டுதோறும் அக்டோபர் 13ஐ ஒட்டி நிகழும் புனித எட்வர்ட் திருநாள் யாத்திரையின்போது வேண்டுதலோடு வருவோர் அந்த மேடையை அடைகின்றனர். 1269இல் குடைந்த வளைவு மாடங்களின் உட்புறக் கல், எத்தனையோ தலைமுறைகளின் தோளும் முழங்காலும் பட்டுத் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்வுக்குள்ளேயே அவர்களும் முழந்தாளிடுகின்றனர்.